பூங்காவனம் தியாகி அல்ல

பூங்காவனம் இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்து சேர்ந்தது. எங்கள் பழைய எஸ்டேட் லயன் ஆட்கள் வைத்திருக்கும் வாட்சாப் குழுவில் காலையில் யாரோ போட்டிருந்தார்கள். ஊதா நிறப் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவள் முகம். கீழே, ‘தன் சுகம் ஒருநாளும் கருதாமல் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த தியாகத் தாய்’ என்று எழுதியிருந்தது. அந்தப் புகைப்படத்தை எடுத்தவள் நான். எங்கள் மலையூர் கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடைக்கு முன்னால் அவள் வாய்விட்டுச் சிரித்தபோது எடுத்தது. அவள் பக்கத்தில் ஒருவர் நின்றார். அவரை வெட்டிவிட்டிருந்தார்கள். தோளின் மேல் மிச்சமிருந்த அவருடைய விரல்களை ஒரு மல்லிகைச் சரத்தின் படத்தை ஒட்டி மறைத்திருந்தார்கள்.

குழுவில் ஆழ்ந்த அனுதாபங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். பிறகு அந்த வாசகத்தை மறுபடியும் படித்தேன். அவளை அறிந்தவர்களே, உங்களுக்கே தெரியும், அது பொய். பூங்காவனம் தன் சுகத்தை எல்லா நாளும் நினைத்தவள். அதற்காக அடி வாங்கியவள், ஏச்சு வாங்கியவள், கடைசியில் அடைபட்டுக் கிடந்தவள். செத்த பிறகு அவளைத் தியாகி ஆக்குவது அவளை இன்னொரு முறை அடிப்பதுதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருவரும் எஸ்டேட் தொழிலாளர்களின் ஒரே லயன் வரிசையில் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தவர்கள். நான் படித்து எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை ஆனேன். அவள் பாதியில் படிப்பை விட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குப் போனாள். கடைசி வரை என்னை ‘டீச்சர்’ என்று கேலியாகத்தான் கூப்பிட்டாள்.

பள்ளி விடுமுறைகளில் அம்மாவுக்கு உதவியாக நானும் கொழுந்து பறிக்கப் போவேன். எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கொடுமைக்காரர். ஒரு பெண் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தாலே கத்துவார். ஒருநாள் பனி மூடி எதிர் நிரைச் செடிகளே தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து, “ஏய் மண்டோர்! கம் ஹியர்!” என்று எஸ்டேட் துரையின் குரல் கேட்டது. மண்டோர் விழுந்தடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். மேலே யாரும் இல்லை. பூங்காவனம்தான் குரலை மாற்றிக் கூப்பிட்டிருந்தாள். பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தோம்.

யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவளை ஆற்றோரத்துச் சரிவில் தனியாக விட்டார் மண்டோர். வழுக்கும் இடம், அட்டை அதிகம், பேச்சுத் துணைகூடக் கிடையாது. எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன்.

“நல்லாருக்குடி. யாரும் இல்ல. தொண்டை கிழியப் பாடலாம்” என்றாள்.

அவள் பாடுவது மண்டோர் காதுக்கும் எட்டியது. உடனே அவளைத் திரும்பக் கூட்டத்துக்குள் கொண்டுவந்து தன் கண் முன்னாலேயே வைத்துக்கொண்டார். தண்டனை வலிக்கவில்லை என்றால் தண்டிப்பவருக்குத்தான் பொறுக்காது. அதை நான் அப்போது தெரிந்துகொண்டேன். அவள் தெரிந்துகொண்டாளா என்று சொல்ல முடியவில்லை. தெரிந்திருந்தாலும் அவள் பாட்டை நிறுத்தியிருக்க மாட்டாள்.

பத்தொன்பது வயதில் அவளை ஏழுமலைக்குக் கட்டி வைத்தார்கள். அவர் எஸ்டேட்டில் மருந்து அடிக்கிறவர். சம்சுச் சாராயம் குடிப்பார். குடிக்காத நாளில் பேசமாட்டார், குடித்த நாளில் அடிப்பார். ஒரு தீபாவளி வாரத்தில் பூங்காவனம் அவரிடம் கேட்காமல் எங்களோடு ஈப்போவுக்குப் படம் பார்க்க வந்துவிட்டாள். திரும்பி வந்ததும் விறகுக் கட்டையால் அடித்து வலது கையை உடைத்தார். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பார்க்கப் போன எனக்கு அழுகை வந்துவிட்டது.

“படம் நல்லாருந்துச்சுலா டீச்சர்” என்றாள் அவள். “கை கூடிடும். படத்தத் தூக்கிட்டா மறுபடி எங்க போய்ப் பாக்கறது?”

நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. அந்தக் கை கோணலாகத்தான் கூடியது. அதே கையால்தான் அவள் ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தாள்.

பிள்ளைகள் சிவநேசனும் கலைவாணியும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, ஆட்களை ஏற்றிய லோரி கவிழ்ந்து ஏழுமலை இறந்தார். சாவு வீட்டில் கூட்டம் நெருக்கியது. சடங்கு செய்ய வந்த கிழவிகள் அவளைப் பலகையில் உட்கார வைத்து வளையலை உடைக்கக் கையைப் பிடித்தார்கள். பூங்காவனம் கையை இழுத்துக்கொண்டாள்.

“அவரு உசுரோட இருந்தப்போ கைய ஒடச்சாரு. வளையலயாச்சும் விட்டுடுங்க” என்றாள்.

மாமியார் எழுந்து வந்து, “என் மகன முழுங்கிட்டு உனக்கு வளையல் கேக்குதா?” என்று அவள் கன்னத்தில் அறைந்தாள். வளையலை உடைத்தார்கள். கண்ணாடித் துண்டு மணிக்கட்டில் குத்தி ரத்தம் வந்தது. அதைத் துடைக்க ஒருவரும் வரவில்லை. கூட்டத்தை நெருக்கிக்கொண்டு போய் நான்தான் துணி சுற்றினேன்.

அடுத்த மாதமே அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். லயன் பேசியது. யாருக்காகப் பூ என்று ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

“என் தலைக்குத்தான். உங்க தலையிலயா வைக்க முடியும்?” என்றாள்.

கல்யாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கோயிலில் விளக்குப் பூசைக்கு வந்தவளை வரிசையிலிருந்து எழுப்பி விட்டார்கள். அவளுக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதிருக்கிறாள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு, “காப்பி போடு டீச்சர், சீனி தூக்கலா” என்பாள். “சந்தோசத்துக்கு லீவு எழுதிக் கேட்டுக்கிட்டு இருந்தா குடுக்கமாட்டானுங்க. மட்டம் போட்டுட்டுப் போய்டணும்” என்பது அவள் அடிக்கடி சொல்வது.

அவள் ஓய்வு பெற்ற நாளில் நானும் பெரட்டுக் களத்துக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் இடம் அது. துரை ஒரு சுவர்க் கடிகாரமும் வெந்நீர் பிளாஸ்கும் கொடுத்தார். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். “நாளைக்கிக் காலையில என் பேரக் கூப்பிடுங்க. நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, அந்தக் களத்தின் நடுவில் இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்று ஆடினாள். துரைகூடச் சிரித்துவிட்டார்.

சிரித்த அந்தத் துரையின் அலுவலகத்திலிருந்துதான் அதே வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. எஸ்டேட் வீடு வேலைக்கு உரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அவள் பிறந்தது, அடி வாங்கியது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த லயனில்தான். அவள் சாமான்களை வாசலில் இறக்கும்போதே, அடுத்துக் குடியேறவிருந்த வங்காளதேசத்து இளைஞர்கள் பாயோடு வந்து நின்றார்கள். கடிகாரத்தை அவர்களிடமே கொடுத்தாள். “வச்சுக்கோங்கப்பா. மணி பாக்கறதுக்கா நான் ரிட்டையர் ஆனேன்?” என்று தமிழிலேயே சொன்னாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, வாங்கிக்கொண்டார்கள்.

மகன் சிவநேசன் சிலாங்கூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்தான். அங்கே வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பூங்காவனம் போகவில்லை. பிரிஞ்சாங்கில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துக்கொண்டு, கியா பார்மில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் ஸ்ட்ராபெரிக் கடையில் நிற்கப் போனாள். அறுபது வயதுக்கு மேல் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சிவப்புத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடிப்பாள். “ஏறுலா டீச்சர், செத்தா சேந்து சாவோம்” என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் இடுப்பைப் பிடித்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த எனக்கு அந்த மோட்டாரில் போன பிறகுதான் இந்த மலை எவ்வளவு அழகு என்று தெரிந்தது.

அந்தக் கடைக்குத்தான் தங்கையா அண்ணன் கேரட், கோஸ் கொண்டுவருவார். லெம்பா பெர்த்தாமில் சிறு தோட்டக்காரர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பிறகு ஒருமுறை சேற்று வெள்ளம் வந்து தோட்டத்தையும் மூடிவிட்டது. மண்ணை வாரிக் கொட்டி மறுபடி பயிர் வைத்தவர். அதிகம் பேசமாட்டார். கோணல்மாணலாக முளைத்த கேரட்டுகளைப் பூங்காவனத்துக்கு என்று தனியாக எடுத்து வைப்பார். அவள் அதற்கு மூக்கு இது, கால் இது என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய சிரிப்பைக் கேட்கத்தான் அவர் கொண்டுவந்தார் என்று நினைக்கிறேன். பிறகு இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பிறகு ஒன்றாக ஈப்போவுக்குப் படம் பார்க்கப் போனார்கள். ஒருநாள் அவள் என்னிடம், “ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீதான் சாட்சிக் கையெழுத்து” என்றாள். சொல்லும்போது அவளுக்கு வெட்கம் வந்தது. அவள் வெட்கப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

செய்தி மகனுக்கு எட்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரில் வந்துவிட்டான். விடுமுறைக் கூட்டம், சாலை முழுக்கச் சுற்றுலாப் பயணிகள். நானும் கடையில் இருந்தேன். சிவநேசன் என்னிடம் எழுத்துப் படித்தவன். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் திரும்பினான்.

“இந்த வயசுல உனக்கு இது கேக்குதாம்மா?”

பூங்காவனம் வாடிக்கையாளருக்கு மீதி கொடுத்துவிட்டு நிதானமாகத்தான் பதில் சொன்னாள். “முப்பதுல கேட்டுச்சு, நீ சின்னப் புள்ள. நாப்பதுல கேட்டுச்சு, உன் படிப்பு. அம்பதுல கேட்டுச்சு, உன் கல்யாணம். இப்பவும் வேணாம்னா எப்பதான்பா கேக்கறது? பாடையிலயா?”

அவன் ஸ்ட்ராபெரித் தட்டுகளைக் கையால் வாரித் தரையில் தள்ளினான். கூட்டம் விலகியது. சிலர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அவள் குனிந்து பழங்களைப் பொறுக்கினாள். நசுங்காத ஒன்றை எடுத்துத் இடுப்பில் கட்டியிருந்த முன்கட்டுத் துணியில் துடைத்து, மகனிடம் நீட்டினாள். “தின்னு. இனிப்பா இருக்கு” என்றாள். அவன் அதைத் தட்டிவிட்டான்.

பதிவுக்குக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால், தையற்கடையில் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கிவரக் கிளம்பினாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இறக்கத்துத் திருப்பத்தில் மோட்டார் வழுக்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்குக் கொண்டுபோய் அறுவை செய்தார்கள். வார்டு வாசலில் தாதி தங்கையா அண்ணனிடம், குடும்பத்து ஆளா, என்ன உறவு என்று மலாயில் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம் கழிந்திருந்தால் அவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்கும்.

சிவநேசன் அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். எழுந்து நிற்க முடியாதவள் எங்கே மறுப்பது? ஓய்வு வேண்டும் என்று சொல்லிக் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மகள் கலைவாணி பினாங்கிலிருந்து என்னிடம் போனில், “அண்ணன் பாத்துக்குவாரு டீச்சர், நீங்க இதுல தலையிடாதீங்க” என்றாள்.

நானும் தங்கையா அண்ணனும் ஒருமுறை அங்கே போனோம். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிவநேசன், “டீச்சர் மட்டும் வரலாம்” என்றான். அவர் மாடிப்படியில் இறங்கிக் கீழே கார் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

உள்ளே சாமான் அறையில், பழைய மெத்தை, உடைந்த சைக்கிள், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பூங்காவனம் படுத்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். படுக்கைப்புண் நாற்றம் அடித்தது. என்னைப் பார்த்ததும், “அவரும் வந்திருக்காரா? கீழதான நிக்கிறாரு? ஜன்னலத் திற” என்றாள்.

திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவரும் அதில் இன்னொரு வீட்டு ஜன்னலும்தான் இருந்தன. கார் நிற்கும் இடம் கட்டடத்தின் மறுபக்கம். சொன்னேன். அவள் எதிர் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, “பரவால்ல. அந்த ஜன்னல்ல ஒரு மலாய்க்காரம்மா வரும், காக் ரொஹானி. காக்னா அக்கா. துணி காயப்போட வந்தா பேசும். எனக்குப் பாதி மலாய், அதுக்குத் தமிழே கிடையாது. ஒரே சிரிப்புதான். நான் ஒரு பாட்டு பாடுவேன், அது ஒண்ணு பாடும்” என்றாள். அந்த அறையிலும் அவள் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. கோபம்தான் வந்தது. “இந்த வாழ்க்கை உனக்கு என்னதான்டி குடுத்துச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

“அது எங்க குடுத்துச்சு? நான்தான் புடுங்கிக்கிட்டேன்” என்றாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, “அவர சாப்புட்டுட்டுப் போகச் சொல்லு. பசிக்குதுன்னு சொல்லத் தெரியாத மனுசன்” என்றாள். அதுதான் நான் கேட்ட அவளுடைய கடைசிப் பேச்சு.

சில வாரங்கள் கழித்து, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று மருமகள் அந்த ஜன்னலை அடைத்து, அதன் முன்னால் அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டாள். காக் ரொஹானி சாவு வீட்டில் என்னிடம் இதைச் சொன்னார். தனக்கு ஒருநாளும் தொந்தரவாக இருந்ததில்லை என்றும், அலமாரி வைத்த பிறகு பாட்டுக் கேட்கவே இல்லை என்றும் சொல்லி அழுதார். பூங்காவனம் சளி பிடித்து, மூச்சுத் திணறி இறந்ததாகச் சிவநேசன் சொன்னான். அப்படியே இருக்கட்டும்.

கட்டடத்தின் கீழ்ப் பொதுக்கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். குறை சொல்ல முடியாதபடி எல்லாம் சிறப்பாக நடந்தது. பட்டுச் சேலை, பெரிய மாலைகள், தேவாரம் பாட ஆட்கள். சிவநேசன் உண்மையாகவே அழுதான். அதையும் நான் எழுதத்தான் வேண்டும். வாய்க்கரிசி போடும் நேரத்தில் தங்கையா அண்ணன் வரிசையில் நின்று கையில் அரிசியை வாங்கிக்கொண்டார். அவர் முறை வந்தபோது சிவநேசன் கையை நீட்டித் தடுத்தான்.

“நீங்க யாரு?”

அவர் அரிசியோடு கையை மூடிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் வந்து நின்றார். வண்டி புறப்பட்டுப் போன பிறகும் அந்தக் கை மூடியே இருந்தது. அந்தப் பெரியவர் யார் என்று காக் ரொஹானி என்னிடம் கேட்டார். அவளுடைய கணவர் என்று நான் மலாயில் சொன்னேன். அதைத் தமிழில் கேட்க அந்தக் கூடத்தில் ஒருவரும் தயாராக இல்லை.

திரும்பும் வழியில் தன்னுடைய காய்கறி லோரியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அவ சந்தோசமாத்தான இருந்தா, டீச்சர்?”

“இருந்தா அண்ணே. விட்டவரைக்கும் இருந்தா” என்றேன்.

எனக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள், ஜொகூரில். என் கணவர் இறந்த பிறகு, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கென்று அறைக்குச் சாயம் பூசிப் படம்கூட அனுப்பியிருந்தாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சாவு வீட்டிலிருந்து வந்த மறுநாள் அவளை அழைத்து, வரவில்லை என்றேன். என் வீட்டில்தான் இருப்பேன், தோன்றும்போது வந்து பார்த்துவிட்டுப் போவேன் என்றேன்.

“உங்களுக்கு உங்க சுகம்தான் முக்கியமாம்மா?” என்று கேட்டாள்.

முன்பென்றால், இல்லை என்று பதறியிருப்பேன். “ஆமாம்மா” என்றேன். பூங்காவனத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். மகள் போனை வைத்துவிட்டாள். இன்றுவரை அவளும் கூப்பிடவில்லை, பேரப்பிள்ளைகளின் குரலும் கேட்கவில்லை. அது வலிக்கிறது, வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

அவள் போனை வைத்த அன்று, மழை விட்டதும் தானா ராத்தா கடைத்தெருவுக்கு நடந்து போனேன். சூடாக வாழைப்பழ பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றேன். நன்றாக இருந்தது.